கயிற்றைப் பிடித்திருப்பவர்களுக்கு

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்



பொங்கல் விடுமுறை முடிந்து திருப்புதல் தேர்வுகள் தொடங்கிவிட்டன. மார்ச்சில் பொதுத்தேர்வு, மே மாதத்தில் முடிவுகள், நடுவே நீட், அப்புறம் கலந்தாய்வு. உங்கள் வீட்டுக் காலண்டரில் இந்தத் தேதிகளைச் சுற்றி வட்டம் விழுந்திருக்கும். கேபிள் இணைப்பைக்கூடத் துண்டித்திருப்பீர்கள். உறவில் கல்யாணம் என்றால் வீட்டிலிருந்து ஒருவர் மட்டும் போய் மொய் எழுதிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுகிறார். நான் ஆசிரியை இல்லை, மனநல மருத்துவரும் இல்லை. கால்நடை மருத்துவர். என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி குதிரைகளோடு கழிந்திருக்கிறது. பந்தய லாயங்களிலும் சவாரிப் பள்ளிகளிலும் வைத்தியம் பார்த்திருக்கிறேன். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு வருகிற குதிரைகளையும், ஊட்டியில் சுற்றுலாப் பயணிகளைச் சுமக்கிற மட்டக்குதிரைகளையும் பார்த்திருக்கிறேன். பயம் என்பது உடம்புக்குள் எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது என்பதை அவற்றைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வரப்போகும் மாதங்களில் உங்களுக்கு அது உதவும் என்று நம்புவதால் எழுதுகிறேன்.

குதிரை என்றதும் நமக்கு வீரம்தான் ஞாபகம் வரும். ஊர் எல்லையில் அய்யனாருக்கு நேர்ந்துவிட்ட மண்குதிரை, ஸ்ரீரங்கத்துச் சேஷராயர் மண்டபத்தில் முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் கல்குதிரை என்று நாம் பார்த்து வளர்ந்தவை எல்லாம் அஞ்சாத குதிரைகள். உயிருள்ள குதிரையோ பயந்த சுபாவம் உள்ளது. ஓநாய்க்கும் பெரும்பூனைகளுக்கும் இரையாக இருந்து, ஓடி ஓடியே பிழைத்த இனம். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால், திரும்பாமலே ஏறக்குறைய 350 பாகைக்கு அதற்குப் பார்வை உண்டு. நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும்தான் தெரியாது. காதுகள் இரண்டும் தனித்தனியாகத் திரும்பும். பிறந்த குட்டி ஓரிரு மணி நேரத்தில் எழுந்து நின்றுவிடும், ஒரு நாளுக்குள் தாயோடு சேர்ந்து ஓடும். முதலில் ஓட்டம், யோசனை பிறகு. அந்த உடம்பு அப்படித்தான் அமைந்திருக்கிறது.

மைதான ஓரத்தில் காற்றுக்கு ஒரு பாலித்தீன் பை எழும்பினால் போதும். மேய்ந்துகொண்டிருந்த குதிரை விருட்டென்று தலையைத் தூக்கும், மூக்குத்துளைகள் விரியும், அடுத்த கணம் நாலுகால் பாய்ச்சல். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 முறை துடிக்கும் இதயம் முழு ஓட்டத்தில் 200-ஐத் தாண்டிவிடும். அதற்குப் பிறகு நடப்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கொஞ்ச தூரம் ஓடியதும் குதிரை நின்றுவிடுகிறது. திரும்பி, ஓடிவந்த இடத்தை நேராகப் பார்க்கிறது. இரண்டு காதுகளும் அந்தப் பக்கமே நிற்கின்றன. துரத்தி வருவது எதுவும் இல்லை என்று தெரிந்ததும் மூக்கால் பலமாக ஒரு சீறல், உடம்பு முழுக்க ஒரு உதறல். தலை மெல்லத் தாழ்கிறது. உதட்டை நக்கிக்கொண்டு வெறும் வாயை மெல்லுகிறது. இறுக்கம் தளரும் நேரத்தில் குதிரைகள் இப்படிச் செய்யும். பிறகு புல்லில் வாய் வைத்துவிடும். எல்லாம் சேர்த்துச் சில நிமிடங்கள்தான்.

இதை ஞாபகமறதி என்று எண்ணிவிட வேண்டாம். குதிரையின் நினைவு அழுத்தமானது. லாரியில் ஏற்றும்போது ஒருமுறை அடிபட்ட குதிரை, வருஷங்கள் கழித்தும் லாரிப் பலகையில் கால் வைக்க மறுக்கும். பயந்த இடம், பயமுறுத்திய ஆள், எல்லாம் அதற்கு நினைவிருக்கும். ஆனால் லாரி கண்ணில் படாத நாட்களில் அது லாரியை நினைத்து நடுங்கிக்கொண்டிருப்பதில்லை.

நம் வீடுகளைப் பாருங்கள். டிசம்பர் அரையாண்டுத் தேர்வில் இயற்பியலில் குறைந்த மதிப்பெண் இன்றைக்கும் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் பேசப்படுகிறது. கட் ஆஃப் எவ்வளவு வரும், எந்தக் கல்லூரி கிடைக்கும், கிடைக்காவிட்டால் என்ன என்று ஜூலை மாதத்துக் கவலை ஜனவரியிலேயே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. ஒரு தேர்வு முடிந்த மாலையே அடுத்ததற்கான டியூஷன். பிள்ளை ஓடுகிறாள், நின்று திரும்பிப் பார்க்கவோ உதறிப் போடவோ அவளுக்கு நேரம் விடுவதில்லை. ராபர்ட் சபோல்ஸ்கி என்ற அமெரிக்க அறிவியலாளர் மன அழுத்தம் பற்றி 1994-ல் ஒரு புத்தகம் எழுதினார். வரிக்குதிரைகளுக்கு ஏன் வயிற்றுப்புண் வருவதில்லை என்பதுதான் அதன் தலைப்பு. சிங்கம் துரத்தும் வரை ஓடும், தப்பித்தால் மேயும். அவற்றின் உடம்பு அவசர நிலையில் நாட்கணக்கில் கிடப்பதில்லை என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

எனக்கு அந்த வாதம் பிடிக்கும். ஆனால் வரிக்குதிரையின் உறவுக்காரனான லாயக் குதிரைக்கு வயிற்றுப்புண் வரும் என்பதை ஒரு கால்நடை மருத்துவராகச் சொல்லியே ஆக வேண்டும். பயிற்சியில் இருக்கிற பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு வருகிறது. மனிதர்களுக்குக் கொடுக்கிற அதே ஒமிப்ரசோலைத்தான் அவற்றுக்கும் கொடுக்கிறோம். குதிரையின் இரைப்பையில் அமிலம் நாள் முழுக்கச் சுரந்துகொண்டே இருக்கும். நாளில் 16 மணி நேரம் வரை நடந்துகொண்டே மேய்வதற்கென்று அமைந்த வயிறு அது. அதை ஒரு அறையில் அடைத்து, வேளைக்கு ஒரு முறை தானியம் வைத்து, நடுவே பட்டினி போட்டு, தினமும் காலையில் உயிரைக் கொடுத்து ஓடச் சொன்னால் வெறும் வயிற்றில் அமிலம் அரிக்கிறது. சில நாட்களிலேயே புண் வந்துவிடலாம். ஆக, மேய்ச்சல் நிலத்தில் பயத்தை உதறிப் போடுகிற அதே குதிரைக்கு லாயத்தில் அது முடிவதில்லை. நாம் வைத்திருக்கும் இடமும் வைத்திருக்கும் விதமும்தான் இங்கே வித்தியாசம்.

ஒரு பெண்குதிரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல கரும்பழுப்பு, மூன்று வயது. லாயத்தின் அரைக்கதவுக்கு மேல் தலையை நீட்டி, இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே இருக்கும். இடது காலில் பாரம், வலது காலில் பாரம், மறுபடி இடது. மணிக்கணக்கில் இதே ஆட்டம். அது நிற்கும் இடத்தில் தரை இரண்டு குழியாகத் தேய்ந்திருந்தது. பக்கத்து லாயத்தில் ஒரு ஆண்குதிரை மரச்சட்டத்தை முன்பல்லால் கவ்விப் பிடித்துக் காற்றை உள்ளே இழுக்கும். அதன் கழுத்தில் தோல்பட்டை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பட்டை கட்டினால் கவ்வுவது குறையும். ஏன் கவ்வத் தொடங்கியதோ அந்தக் காரணம் அப்படியே உள்ளே இருக்கும். கெட்ட பழக்கம் என்று அங்கே எல்லோரும் சொன்னார்கள். காட்டிலோ திறந்த வெளியிலோ வாழும் குதிரைகளிடம் இந்தப் பழக்கங்களைக் காண முடியாது. அடைத்து வைக்கும்போதுதான் வருகின்றன. அந்தப் பெண்குதிரைக்கு நாங்கள் செய்ததெல்லாம் எளிய காரியங்கள்: வைக்கோலும் புல்லும் எந்நேரமும் வாய்க்கு எட்டும்படி வைத்தோம், அடுத்த குதிரையின் முகம் தெரியும்படி சுவரில் ஒரு ஜன்னல் திறந்தோம், மாலையில் இன்னொரு குதிரையோடு சேர்த்து மைதானத்தில் அவிழ்த்துவிட்டோம். ஆட்டம் வெகுவாகக் குறைந்தது. லாயத்துக்குள் ஒரு கண்ணாடியை மாட்டித் தன் உருவத்தைப் பார்க்கவிட்டால்கூட இந்த ஆட்டம் குறைவதை இங்கிலாந்தில் ஆய்வு செய்து காட்டியிருக்கிறார்கள். துணைக்கு அவ்வளவு ஏங்குகிற பிராணி அது.

உங்கள் பிள்ளை நகம் கடிக்கிறானா? முடியைப் பிய்க்கிறாளா? புத்தகத்தின் முன்னால் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறானா? அதை நிறுத்து என்று அதட்டுவதற்கு முன், அவன் அன்றைக்கு எத்தனை மணி நேரம் ஒரே நாற்காலியில் இருந்தான், தன் வயதுக்காரன் ஒருவனோடு படிப்பைத் தவிர வேறு ஏதாவது பேசினானா, வெயில் அவன் மேல் பட்டதா என்று யோசியுங்கள். விடுதிப் பள்ளியில் விட்டிருப்பவர்கள் அடுத்த முறை பார்க்கப் போகும்போது மார்க்கைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: மாலையில் விளையாட விடுகிறார்களா, இல்லை அந்த நேரத்திலும் ஸ்பெஷல் கிளாஸா? பள்ளியிடமும் கேளுங்கள். கட்டணம் கட்டுகிற உங்களுக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு.

இனி, இந்த மடலை எழுத உட்கார்ந்ததற்கான காரணத்துக்கு வருகிறேன்.

ஒரு குதிரைக்கு ஊசி போட வேண்டியிருந்தது. உரிமையாளரே தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டார். குதிரை மீது அவருக்குக் கொள்ளைப் பிரியம். கயிற்றைத் தாடைக்குக் கீழே ஒரு சாணுக்குச் சுருக்கி இறுக்கமாகப் பிடித்து, அதன் கண்ணுக்கு நேராக நின்று, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, பயப்படாதே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். குரல் உச்சத்தில். குதிரையின் தலை மேலே மேலே போனது, கண்ணில் வெள்ளை தெரிந்தது, பின்னங்கால்கள் தரையில் நிற்கவில்லை. அங்கே குதிரைகளைப் பராமரிக்கும் சைஸாக இருந்த பெரியவர் வந்து, "அய்யா, கொஞ்சம் குடுங்க" என்று கயிற்றை வாங்கிக்கொண்டார். ஒரு கை நீளத்துக்கு அதைத் தளர விட்டார். குதிரையின் முகத்துக்கு எதிரே நிற்காமல் தோள் பக்கமாகப் போய் நின்றார். நீளமாக ஒரு மூச்சு விட்டார். எதையும் சொல்லவில்லை, குதிரையையும் பார்க்கவில்லை, வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் குதிரையின் தலை அவர் இடுப்பு உயரத்துக்கு இறங்கியது. "இப்ப போடுங்க டாக்டரம்மா" என்றார். போட்டேன். தோலை மட்டும் ஒருமுறை சிலிர்த்துக்கொண்டது, அவ்வளவுதான்.

கயிறு வழியாகப் போவது என்ன என்று ஆய்வே செய்திருக்கிறார்கள். ஸ்வீடனில் லிண்டா கீலிங்கும் உடன் பணியாற்றியவர்களும் செய்து 2009-ல் வெளியான ஆய்வு. ஆட்கள் குதிரையை நடத்திக்கொண்டோ அதன் மேல் ஏறியோ ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நான்கு முறை போக வேண்டும். இதயத்துடிப்பு இருவருக்கும் பதிவாகிறது. நான்காவது முறைக்கு முன்னால், நீங்கள் கடக்கும்போது வழியில் ஒரு குடை படாரென்று விரிக்கப்படும் என்று ஆட்களிடம் சொல்கிறார்கள். குடையை யாரும் விரிக்கவில்லை. ஆனாலும் அந்த நான்காவது நடையில் மனிதர்களின் இதயத்துடிப்பு ஏறியது, கூடவே குதிரைகளின் இதயத்துடிப்பும் ஏறியது. குதிரைக்குக் குடையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அது தெரிந்துகொள்ள ஒரே வழி தன்னோடு இருந்த மனிதர்தான். ஏறிச் சென்றவர்கள் அந்த முறை கடிவாள வாரைக் கொஞ்சம் சுருக்கிப் பிடித்திருந்தார்கள் என்பதையும் கவனித்துக் குறித்திருக்கிறார்கள். தாங்கள் சுருக்கியதே அவர்களுக்குத் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

அந்த விரியாத குடையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். மே மாதம் இன்னும் வரவில்லை. மார்க் என்னவென்று யாருக்கும் தெரியாது. ஆனால் குடை விரியப்போகிறது என்று உங்களிடம் சொல்லியாகிவிட்டது. உறவினர்கள் சொல்கிறார்கள், அடுத்த வீட்டுக்காரர் சொல்கிறார், வாட்ஸ்அப் குழு நாள் முழுக்கச் சொல்கிறது. பிள்ளையிடம் நீங்கள் "டென்ஷன் ஆகாதே கண்ணு, மார்க் முக்கியமில்ல" என்றுதான் சொல்கிறீர்கள். மனசாரத்தான் சொல்கிறீர்கள். ஆனால் பால் டம்ளரை மேஜையில் வைக்கும்போது உங்கள் கை சொல்வது வேறு. அவள் பத்து நிமிஷம் கட்டிலில் சாய்ந்தால் கதவருகில் வந்து போகிற உங்கள் காலடி சொல்வது வேறு. மனித முகத்தில் கோபத்தைக் காட்டும் புகைப்படத்தைப் பார்த்தாலே குதிரையின் இதயத்துடிப்பு வேகமாக ஏறுவதை இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் காட்டினார்கள். ஒரு குதிரைக்கே அவ்வளவு தெரிகிறது என்றால், பதினேழு வருஷமாக உங்கள் முகத்தையே பார்த்து வளர்ந்த பிள்ளைக்குத் தெரியாமல் போகுமா?

அதட்டுவது பற்றியும் ஒரு வார்த்தை. கிரேக்கப் படைத்தலைவர் செனபோன் கி.மு. நான்காம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி ஒரு நூல் எழுதினார். இன்றைக்கும் அதைப் படித்தால் வியப்பாக இருக்கும். குதிரையைக் கோபத்தோடு அணுகவே கூடாது என்கிறார். எதையாவது கண்டு மிரண்டால், நீயே போய் அதைத் தொட்டுக் காட்டி, மெதுவாகக் குதிரையை அருகே அழைத்துப் போ என்பது அவர் சொல்லும் முறை. அடித்துக் கொண்டுபோனால், மிரட்டிய பொருள்தான் வலியையும் தருகிறது என்று குதிரை நினைத்துக்கொள்ளும், பயம் இரட்டிப்பாகும் என்று காரணமும் சொல்கிறார். கணக்குப் புத்தகத்தைக் கண்டாலே முகம் வாடுகிற பிள்ளையைக் கணக்குப் புத்தகத்தை வைத்தே திட்டினால் நடப்பது இதுதான். அதைவிட அந்தப் புத்தகத்தோடு அவன் பக்கத்தில் உட்காருங்கள். உங்களுக்குக் கணக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. நீங்கள் பயப்படாமல் அதன் பக்கத்தில் இருப்பதை அவன் பார்த்தால் போதும்.

பக்கத்தில் இருப்பதற்கு உண்மையிலேயே பலம் இருக்கிறது. டென்மார்க்கில் யானே விந்தர் கிறிஸ்டென்சனும் மற்றவர்களும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், அனுபவமில்லாத இளங்குதிரைகளைப் பயமுறுத்தும் ஒன்றின் முன்னால், அதற்கு ஏற்கெனவே பழகி அமைதியாக நிற்கும் ஒரு குதிரையோடு சேர்த்து நிறுத்தினார்கள். அமைதியான துணையோடு நின்றவை குறைவாகவே பயந்தன, இதயத்துடிப்பும் அவ்வளவு ஏறவில்லை. பிற்பாடு தனியாகக் கொண்டுவந்து சோதித்தபோதும் அந்தத் தெம்பு அவற்றிடம் இருந்ததாகத் தெரிந்தது. தேர்வு அறைக்குள் உங்கள் பிள்ளை தனியாகத்தான் போக வேண்டும். அதற்குமுன் யாரோடு நின்றாள் என்பது உள்ளேயும் கூட வரும்.

அதனால் உங்களிடம் கேட்பது, முதலில் உங்கள் கவலையை நீங்கள் இறக்கி வையுங்கள். அதை மறைத்தால் போதாது. மறைப்பது கயிற்றில் தெரிந்துவிடும். மார்க் பேசும் குழுக்களிலிருந்து மார்ச் முடியும் வரை வெளியே வந்துவிடுங்கள். மாலையில் அரை மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள், பிள்ளை வந்தால் கூட்டிப் போங்கள், வழியில் படிப்பைப் பேசாதீர்கள். தூக்கத்தில் கைவைக்காதீர்கள். குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் கனவு காணும் ஆழ்ந்த உறக்கம் படுத்தால்தான் அதற்கு வரும். பாதுகாப்பு என்று தோன்றாத இடத்தில் அது படுக்காது. கூட்டத்தில் சில குதிரைகள் படுக்கும்போது ஒன்றாவது நின்று காவல் பார்க்கும். பல நாள் படுக்காத குதிரை நின்ற நிலையிலேயே தள்ளாடி முழங்காலில் விழுவதுண்டு. இரவு பதினொன்றுக்கு மேல் விளக்கை அணைக்கச் சொல்வதும், விடியற்காலை நாலு மணி அலாரத்தை எடுத்துவிடுவதும் இந்த மூன்று மாதம் நீங்கள் பார்க்க வேண்டிய காவல்.

பிள்ளைகளைத் தொடுங்கள். வளர்ந்துவிட்டார்கள் என்று நாம் விட்டுவிட்டோம். நட்பான இரு குதிரைகள் எதிரெதிராக நின்று ஒன்றின் பிடரி முடியும் இடத்தை மற்றது பல்லால் சொறிந்துவிடும். பிரான்சின் கமார்க் பகுதிக் குதிரைகளிடம், அந்த இடத்தைச் சொறிந்துவிட்டால் இதயத்துடிப்பு குறைவதை 1993-லேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடும் வழக்கம் உங்கள் வீட்டில் நின்றுபோயிருந்தால் மறுபடி தொடங்குங்கள். பையன்களுக்கும்தான்.

தேர்வு நாட்களில் பள்ளி வாசலில் காத்திருப்பீர்கள். பிள்ளை வெளியே வந்ததும் கேள்வித்தாளை வாங்கிப் பார்க்காதீர்கள். ஒரு மார்க் கேள்விக்கு என்ன எழுதினாய் என்று அங்கேயே விசாரிக்காதீர்கள். ஓடி முடித்து வந்திருக்கிறாள். அவள் மூச்சு வாங்கட்டும். தண்ணீர் கொடுங்கள், வீட்டுக்குக் கூட்டி வாருங்கள். அவளாகப் பேசினால் கேளுங்கள். அழுதால் அழட்டும், உடனே நிறுத்தச் சொல்ல வேண்டாம்.

சில பிள்ளைகளுக்கு இதெல்லாம் போதாது. பல நாளாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்ந்து என்ன என்ற பேச்சு வருகிறது என்றால் தேர்வு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மத்திய அரசின் டெலி-மானஸ் எண் 14416, தமிழ்நாட்டு மருத்துவ உதவி எண் 104. இரண்டுக்கும் எந்த நேரத்திலும் பேசலாம். பதினேழு வயதில் தானாக ஃபோன் செய்யத் தயங்குவார்கள், எண்ணை அழுத்தி அவர்கள் கையில் கொடுங்கள். இரவில் உங்களுக்குத் தூக்கம் வராமல் நெஞ்சு படபடக்கிறது என்றாலும் அதே எண்களைக் கூப்பிடுங்கள். பெற்றோர்களிடமும் அவர்கள் பேசுவார்கள்.

அன்புடன்,
ஒரு கால்நடை மருத்துவர்